கிடப்பில் போட ஒரு வாக்கு: திருத்தத்தை ஒதுக்கும் வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது?

‘திருத்தத்தை டேபிள் செய்ய அமெரிக்க செனட் 51க்கு 48 என வாக்களித்தது.’ வெளிநாட்டுச் செய்திகளில் இப்படி ஒரு வரி அவ்வப்போது வரும். சிங்கப்பூர் நாடாளுமன்றச் செய்திகளைப் படித்துப் பழகியவருக்கு இது எப்படிப் புரியும்? திருத்தம் அவையில் தாக்கலாகிவிட்டது, விவாதம் இனிமேல்தான் என்று புரியும். இங்கே மசோதாவை ‘டேபிள்’ செய்வது என்றால் அவைமுன் வைப்பது. அங்கே நடந்ததோ நேர்மாறு. அந்த 51 பேர் திருத்தத்தின் கதையை முடித்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ‘ஆம்’ என்று சொன்னவர்கள்தான் திருத்தம் வேண்டாம் என்றவர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் ஒரு மேசை. அவைத் தலைமையின் இருக்கைக்கு முன்னால் எழுத்தர்கள் அமரும் மேசை அது. பிரிட்டிஷ் மரபில் வந்த நாடாளுமன்றங்களில் ஒரு தாளை மேசைமேல் வைத்தால், இதோ எல்லாரும் பாருங்கள், பேசத் தொடங்கலாம் என்று பொருள். அமெரிக்காவில், கையில் இருந்ததை மேசைமேல் வைத்தாயிற்று, இனி அது என் கையில் இல்லை, அடுத்த வேலைக்குப் போகலாம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் கூடிப் பேசியபோது ஓர் ஆவணத்தை ‘டேபிள்’ செய்வதா வேண்டாமா என்று காரசாரமாக நெடுநேரம் வாதிட்டார்கள் என்றும், கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான் என்றும் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. அவைமுன் வைப்பதற்குத் ‘தாக்கல் செய்தல்’ இருக்கிறது. அமெரிக்கர்கள் செய்வதற்குக் ‘கிடப்பில் போடுதல்’ இருக்கிறது. இங்கே அந்த இரண்டாவது சொல்லையே கையாள்வோம்.

அவைமுன் இருக்கும் கேள்வி எது?

செனட்டுக்குப் போவதற்கு முன், உள்ளூர்த் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுச் சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 50 வெள்ளியாக உயர்த்த வேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவருகிறார். இது மூலத் தீர்மானம். ஒருவர் எழுந்து, ‘50 என்பதை 30 என்று மாற்ற வேண்டும்’ என்கிறார். இது திருத்தம். இன்னொருவர், ‘30 என்பதோடு, மாணவர்களுக்கு 10 என்றும் சேர்க்க வேண்டும்’ என்கிறார். இது திருத்தத்தின்மேல் திருத்தம்.

மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள். எடுப்பது மேலிருந்துதான். முதலில் மாணவர் சந்தா, பிறகு 30 வெள்ளி, கடைசியில் மூலத் தீர்மானம். ஒரு நேரத்தில் அவைமுன் ஒரே ஒரு கேள்விதான் இருக்க முடியும். ‘ஆம்’, ‘இல்லை’ எல்லாம் அந்தக் கேள்விக்கு உரிய பதில்கள். அதற்கு அடியில் கிடக்கும் விஷயத்துக்கு உரிய பதில்கள் அல்ல. சட்டமன்ற வாக்கெடுப்புகளைத் தவறாகப் புரிந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான்.

30 வெள்ளித் திருத்தம் பிடிக்காதவருக்கு இரண்டு வழிகள். விவாதம் முடியும்வரை காத்திருந்து அதற்கு எதிராக வாக்களிக்கலாம். அல்லது, அமெரிக்க நடைமுறை இருந்தால், ‘இதைக் கிடப்பில் போட வேண்டும்’ என்று ஒரு புதிய கேள்வியை எழுப்பலாம். இந்தப் புதிய கேள்வி எல்லாத் தட்டுகளுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் விவாதம் கிடையாது, அதைத் திருத்தவும் முடியாது. உடனே வாக்கு.

செனட்டில் நடப்பது

அமெரிக்கக் காங்கிரசின் மேலவையான செனட்டில் 100 உறுப்பினர்கள். ஒரு மசோதா விவாதத்தில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் எழுத்து வடிவில் திருத்தத்தை மேசைக்கு அனுப்புகிறார். எழுத்தர் அதைப் படிக்கத் தொடங்குவார்; முழுவதும் படிக்க வேண்டாம் என்று யாராவது கேட்க, ஆட்சேபம் இல்லாததால் படிப்பு நிற்கும். திருத்தத்துக்கு ஓர் எண் உண்டு. வாக்கெடுப்பில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். கொண்டுவந்தவர் பேசுகிறார்.

இப்போது எதிர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் பேசும் உரிமையைப் பெற வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து கிடப்புக் கோரிக்கை வைக்க முடியாது. தலைமை தாங்குபவர் தன்னை அழைத்த பிறகே வைக்கலாம். ஒரே நேரத்தில் பலர் எழுந்தால் பெரும்பான்மைக் கட்சித் தலைவருக்கு முன்னுரிமை என்பது நெடுநாள் வழக்கம். இது பார்ப்பதற்குச் சின்ன சலுகைபோலத் தெரியும். ஆனால் எந்தத் திருத்தம் எப்போது வாக்குக்கு வரும் என்பதை அவர் ஓரளவு கையில் வைத்திருப்பதற்கு இதுதான் அடிப்படை.

பேசும் உரிமை கிடைத்ததும் அவர் தம் வாதங்களைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில், ‘இந்தத் திருத்தத்தைக் கிடப்பில் போடக் கோருகிறேன்; பெயர் அழைத்து வாக்கெடுக்கவும் கேட்கிறேன்’ என்பார். அதோடு விவாதம் அறுந்துபோகும். திருத்தத்தைக் கொண்டுவந்தவர் பதில் சொல்ல விரும்பினாலும் எல்லாரும் சம்மதித்தால்தான் முடியும். ஒரு சொல்கூடப் பேசவிடாமல் திருத்தத்தைக் கொல்வது விதிப்படி சரிதான், ஆனால் அநாகரிகம் என்று கருதப்படும். அதனால் கொண்டுவந்தவர் பேசும்வரை காத்திருப்பது வழக்கம். இத்தனை நிமிடம் இவருக்கு, இத்தனை நிமிடம் அவருக்கு என்று முன்பே உடன்பாடு ஆகியிருந்தால், அந்த நேரம் தீரும்வரை, அல்லது மிச்சத்தை இரு தரப்பும் விட்டுக்கொடுக்கும்வரை, கோரிக்கை வைக்கக் கூடாது.

பெயர் அழைக்கும் வாக்கெடுப்பு வேண்டுமானால் வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் ஆதரிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே உள்ளது. அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை 51. அதில் ஐந்தில் ஒன்று, பின்னத்தை மேலே ஏற்றினால், 11. எனவே 11 பேர் கை தூக்கினால் போதும். எழுத்தர் அகரவரிசையில் பெயர்களை அழைப்பார். கணக்குக்கு 15 நிமிடம். தாமதமாக ஓடிவருபவர்களுக்காக அது நீள்வது சகஜம். கீழவையான பிரதிநிதிகள் அவையில் 1973லிருந்தே மின்னணு வாக்களிப்பு இருக்கிறது. செனட் இன்றும் பெயர் அழைத்துத்தான் எண்ணுகிறது.

கிடப்பில் போட, வாக்களித்தவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 97 பேர் வாக்களித்து 49க்கு 48 என்றாலும் திருத்தம் போயிற்று. 50க்கு 50 என்றால் கோரிக்கை தோற்கும், திருத்தம் பிழைக்கும். அவையின் தலைவரான துணை அதிபர் வந்திருந்தால், சமநிலையின்போது மட்டும் அவர் வாக்களிக்கலாம்.

இதோடு முடியவில்லை. வென்ற பக்கம் வாக்களித்தவரோ வாக்களிக்காமலே இருந்தவரோ அதே நாளிலோ அடுத்த இரண்டு அமர்வு நாள்களிலோ ‘முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும்’ என்று கேட்கலாம். அந்தக் கதவைச் சாத்த ஓர் உத்தி உண்டு. முடிவு அறிவித்த அடுத்த நொடியே வென்ற தரப்பில் ஒருவர் மறுபரிசீலனை கேட்பார். கூடவே ‘அந்தக் கோரிக்கையைக் கிடப்பில் போடுங்கள்’ என்றும் கேட்கப்படும். ஆட்சேபம் இல்லை என்று தலைமை சொல்லிவிடும். கேட்டவர் உண்மையில் மறுபரிசீலனையை விரும்பவில்லை. வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டார். கிடப்பில் போட்டதற்கு மேல் இன்னொரு கிடப்பு. அவைக் குறிப்பில் இந்த வரியைப் பார்த்து மிரள வேண்டாம். சாத்திய கதவைப் பூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நேராக வாக்கெடுத்தால் என்ன?

எதிர்ப்பவர்களிடம் பெரும்பான்மை இருந்தால் திருத்தத்தின்மீதே வாக்கெடுத்துத் தோற்கடிக்கலாமே, இத்தனை சுற்று எதற்கு என்று கேட்கத் தோன்றும். செனட்டின் தனித்தன்மையே அங்கேதான் இருக்கிறது.

செனட்டில் பேச்சை நிறுத்த எளிய வழி இல்லை. யாராவது பேச விரும்பும்வரை வாக்கெடுப்புக்குப் போக முடியாது. பேசிப் பேசியே இழுத்தடிப்பதைத்தான் ஃபிலிபஸ்டர் என்கிறார்கள். அதை அடக்க ‘குளோச்சர்’ என்ற நடைமுறை உண்டு: 16 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மனு கொடுக்க வேண்டும், இடையில் ஒரு நாள் கழிய வேண்டும், பிறகு பதவியில் இருப்பவர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது வழக்கமாக 60 வாக்குகள் கிடைக்க வேண்டும். அதன்பிறகும் 30 மணி நேரம்வரை விவாதம் நீளலாம். இந்த 60 என்ற அளவு 1975லிருந்து இருக்கிறது.

இந்தப் பின்னணியில் கிடப்புக் கோரிக்கையின் வலிமை தெரியும். அதற்கு விவாதம் இல்லை என்பதால் ஃபிலிபஸ்டரும் இல்லை. 51 பேர், கால் மணி நேரம், வேலை முடிந்தது.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. திருத்தத்தைக் கொல்ல 51 போதும். அதே திருத்தத்தை நிறைவேற்ற, எதிர்ப்பவர்கள் விடாப்பிடியாகப் பேசினால், 60 வேண்டும். எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு திருத்தத்துக்கு 55 பேர் ஆதரவு, 45 பேர் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பவர்கள் கிடப்பில் போடக் கேட்டால் 45க்கு 55 என்று தோற்பார்கள். திருத்தம் நிறைவேறிவிட்டதா? இல்லை. அது பழையபடி அவைமுன் இருக்கிறது, விவாதம் தொடர்கிறது. 45 பேரும் பிடிவாதமாக நின்றால் 55 பேரால் அதை வாக்குக்குக் கொண்டுவர முடியாது. ‘கிடப்பில் போடும் முயற்சி தோல்வி’ என்ற தலைப்பைப் பார்த்துத் திருத்தம் வென்றதாக நினைப்பது அதனால்தான் தவறு. ஆனாலும் நடைமுறையில், எண்ணிக்கை வெளிப்பட்ட பிறகு தோற்ற தரப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும். ‘சரி, குரல் வாக்கிலேயே ஏற்றுக்கொள்வோம்’ என்று முடித்துவிடுவதும் உண்டு. ஆழம் பார்க்கவே கிடப்புக் கோரிக்கை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் அரசியல். ‘நான் அந்தத் திருத்தத்துக்கு எதிராக வாக்களிக்கவில்லை, அது வெறும் நடைமுறை வாக்கு, மசோதா தாமதமாகக் கூடாது என்றுதான்’ என்று தொகுதியில் போய்ச் சொல்லலாம். இந்தச் சாக்கில் பாதி உண்மை உண்டு. சில நேரம் திருத்தம் நல்லதாக இருந்தும் பொருந்தாத மசோதாவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பலன் ஒன்றுதான், திருத்தம் போய்விட்டது. வாக்கைப் பதிவுசெய்து தரவரிசை போடும் அமைப்புகளும் அதை எதிர் வாக்காகவே கணக்கிடுவார்கள்.

ஓர் உண்மை வாக்கெடுப்பு

2012 மார்ச் 1. நெடுஞ்சாலை, போக்குவரத்து நிதி பற்றிய மசோதா செனட்டில் இருந்தது. மிசூரி மாநில உறுப்பினர் ராய் பிளண்ட் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சமய நம்பிக்கைக்கோ மனசாட்சிக்கோ ஒவ்வாத மருத்துவச் சேவைகளுக்குக் காப்புறுதி தர முதலாளிகள் மறுக்கலாம் என்பது அதன் சாரம். கருத்தடைச் செலவு பற்றிய சண்டை அப்போது உச்சத்தில் இருந்தது. சாலை மசோதாவில் கருத்தடைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். செனட்டில், சில விதிவிலக்குகள் தவிர, மசோதாவுக்குத் தொடர்பே இல்லாத திருத்தத்தையும் கொண்டுவரலாம். கிடப்புக் கோரிக்கைக்கு இத்தனை வேலை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிடப்பில் போட 51 பேர் ஆம் என்றார்கள், 48 பேர் இல்லை என்றார்கள். எண்ணிக்கையைப் பிரித்துப் பாருங்கள். திருத்தத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சித் தரப்பில் அப்போது 53 பேர். அவர்களில் மூவர் கட்சியோடு சேராமல் ‘இல்லை’ என்றார்கள், மிச்சம் 50. குடியரசுக் கட்சியிலிருந்து மேய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ மட்டும் இந்தப் பக்கம் வந்தார், 51. குடியரசுக் கட்சியில் ஒருவர் வாக்களிக்க வரவில்லை. ஸ்னோ வராமல் எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் 50க்கு 49 என்று அப்போதும் திருத்தம் வீழ்ந்திருக்கும், ஆனால் மயிரிழையில்.

திருத்தம் போனது. சாலை மசோதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 14 அன்று, 74க்கு 22 என்று செனட்டில் நிறைவேறியது. செனட் விதிப்படி திருத்தத்தைக் கிடப்பில் போட்டால் மசோதாவுக்குப் பாதிப்பில்லை. கிளையை வெட்டினால் மரம் நிற்கும்.

எங்கே பிசகும்?

கிளையைப் பற்றிச் சொன்னதால் அடுத்தது. திருத்தத்தின்மேல் திருத்தம் இருக்கும்போது எதைக் கிடப்பில் போடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள சின்னத் திருத்தத்தை மட்டும் போட்டால் கீழுள்ள திருத்தம் நிற்கும். கீழுள்ளதைப் போட்டால் அதன்மேல் தொங்கிய எல்லாம் சேர்ந்தே போகும். நம் சங்கக் கூட்டத்தில் 30 வெள்ளித் திருத்தத்தைக் கிடப்பில் போட்டால், மாணவருக்கு 10 வெள்ளி என்பதும் பேச்சில்லாமல் மறைந்துவிடும். மாணவர் சலுகையை விரும்பியவர் எதன்மேல் வாக்கு என்று தெரியாமல் ‘ஆம்’ என்றிருந்தால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவர் ஆவார்.

மசோதாவையே கிடப்பில் போட்டால் எல்லாம் போயிற்று. அவைத் தலைமையின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்து, அந்த முறையீட்டைக் கிடப்பில் போட்டால், தலைமையின் தீர்ப்பு நிலைக்கும். இந்த இடத்தில் ‘ஆம்’ என்பது தலைமைக்கு ஆதரவு. ஒரே கோரிக்கை, எதன்மேல் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ‘ஆம்’ என்பதன் பொருள் புரண்டு புரண்டு போகும்.

சமீப ஆண்டுகளில் திருத்தங்களின்மேல் இந்தக் கோரிக்கை முன்புபோல அடிக்கடி வருவதில்லை. எந்தெந்தத் திருத்தம், எத்தனை வாக்கு வேண்டும் என்று இரு கட்சித் தலைவர்களும் முன்பே பேசி, திருத்தத்துக்கே 60 வாக்கு என்று நிர்ணயித்துவிடுகிறார்கள். அல்லது திருத்தங்களுக்கு உரிய இடங்களையெல்லாம் பெரும்பான்மைத் தலைவரே தன் திருத்தங்களால் நிரப்பிவிடுகிறார். இருக்கைகளில் துண்டு போட்டு வைப்பதுபோல.

கீழவையில் வேறு கதை

பிரதிநிதிகள் அவையில் திருத்தத்தைக் கிடப்பில் போட்டால் மசோதாவும் சேர்ந்து போய்விடும் என்பது பழைய முன்னுதாரணம். அதனால் அங்கே திருத்தங்களுக்கு இதை யாரும் பயன்படுத்துவதில்லை. தேவையும் இல்லை, எந்தத் திருத்தம் அவைக்கு வரலாம் என்பதை விதிமுறைக் குழு முன்கூட்டியே வடிகட்டிவிடுகிறது. ஆனால் தீர்மானங்களைக் கிடப்பில் போடுவது அங்கே பெரிய ஆயுதம்.

அண்மைக் காலத்து இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்தால் கோரிக்கை தோற்பதற்கும் வெல்வதற்கும் உள்ள வேறுபாடு பளிச்செனத் தெரியும். 2023 அக்டோபர் 3 அன்று அவை நாயகர் (சபாநாயகர்) கெவின் மெக்கார்த்தியை நீக்கும் தீர்மானத்தைக் கிடப்பில் போட அவர் தரப்பு முயன்றது. 208க்கு 218 என்று தோற்றது. அதனால் விவாதம் திறந்தது, நீக்கும் தீர்மானத்தின்மீதே வாக்கெடுப்பு நடந்தது, 216க்கு 210 என்று அவர் பதவி இழந்தார். 2024 மே 8 அன்று அடுத்த நாயகர் மைக் ஜான்சனுக்கு எதிராக அதேபோன்ற தீர்மானம். இம்முறை 359க்கு 43 என்று அது கிடப்புக்குப் போனது. ஜான்சனை நீக்கலாமா என்ற கேள்வி அன்று அவையில் கேட்கப்படவே இல்லை.

கேள்வியைக் கேட்கவிடாமல் செய்யும் இந்த வலிமை எவ்வளவு கொடுமையாகவும் பயன்படும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் சான்று இருக்கிறது. அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு மக்கள் அனுப்பிய மனுக்களை, அச்சிடாமல், குழுவுக்கும் அனுப்பாமல், வந்தவுடனே கிடப்பில் போட வேண்டும் என்று 1836ல் பிரதிநிதிகள் அவை முடிவுசெய்தது. ஒவ்வொரு மனுவுக்கும் தனி வாக்குகூட இல்லை. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் உறுப்பினராக இருந்து ஆண்டுக்கணக்கில் போராடி, 1844 டிசம்பரில்தான் அந்த விதி நீங்கியது.

நம் நாடாளுமன்றத்தில்

சிங்கப்பூரில் அமெரிக்க வகைக் கிடப்புக் கோரிக்கையைத் தேடாதீர்கள். இங்கே ‘டேபிள்’ என்றால் தாக்கல்தான். தீர்மானத்துக்கு ஒருவர் திருத்தம் முன்மொழிந்தால், ‘இந்தத் திருத்தம் செய்யப்பட வேண்டும்’ என்ற கேள்வியை மன்ற நாயகர் அவைமுன் வைப்பார். பேச்சு முடிந்ததும், ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்றும் எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்றும் குரல் கொடுப்பார்கள். குரலின் முடிவு போதாது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாக வேண்டும் என்று உறுப்பினர் கேட்டு, போதிய பேர் எழுந்து நின்று ஆதரித்தால், மணி அடிக்கும், கதவுகளைப் பூட்டுவார்கள், உறுப்பினர்கள் இருக்கையிலிருந்தே மின்னணு முறையில் வாக்களிப்பார்கள். திருத்தம் தீர்ந்த பிறகு மூலத் தீர்மானத்துக்கு வருவார்கள். திருத்தம் பிடிக்காவிட்டால் அதற்கு ‘இல்லை’ என்பதே வழி.

ஆளும் கட்சிக்கு உறுதியான பெரும்பான்மையும் கொறடாவும் இருக்கும் அவையில் சுற்றிவளைக்கத் தேவை இல்லை. இங்கே காணும் உத்தி வேறு: எதிர்த்தரப்பின் தீர்மானத்தைத் தோற்கடிக்காமல், அதன் சொற்களை மாற்றி நிறைவேற்றிவிடுவது. 2023 நவம்பரில் வாழ்க்கைச் செலவு பற்றிப் பாட்டாளிக் கட்சி கொண்டுவந்த தீர்மானம் ஆளும் தரப்பு உறுப்பினரின் திருத்தத்தோடு நிறைவேறியது. பாத்திரம் அவர்களுடையது, உள்ளே இருப்பது இவர்களுடையது. செய்தியில் ‘தீர்மானம் நிறைவேறியது’ என்று படிக்கும்போது எந்த வாசகம் நிறைவேறியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்குக்கே வராமல் நின்றுபோகும் திருத்தங்களும் உண்டு. வரி விதிக்கும் அல்லது பொதுப்பணச் செலவைக் கூட்டும் திருத்தத்தை அதிபரின் பரிந்துரை இல்லாமல் கொண்டுவர முடியாது. அந்தப் பரிந்துரையை அமைச்சர்தான் அவைக்குத் தெரிவிப்பார். மசோதாவின் எல்லைக்கு வெளியே போகும் திருத்தமும் ஏற்கப்படாது. சாலை மசோதாவில் கருத்தடையை ஒட்டவைக்கும் வேலை இங்கே எடுபடாது.

நம் அவையில் ஆண்டுதோறும் திருத்தங்கள் கூட்டம் கூட்டமாக ஒதுக்கப்படும் காட்சி ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திருத்தம் என்றே கவனிப்பதில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு அமைச்சு அமைச்சாக நடக்கும் நிதி ஒதுக்கீட்டு விவாதம் அது. ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த அமைச்சுக்கு ஒதுக்கிய தொகையில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். கோடிக்கணக்கான வெள்ளியில் 100 வெள்ளி! பணத்தைக் குறைப்பது நோக்கமே அல்ல. அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேச ஒரு பிடி வேண்டும். முன்மொழிவு இல்லாமல் பேச முடியாது. எனவே ஓர் அடையாளத் தொகை. ‘வெட்டு’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மூத்தோர் பராமரிப்பு, தாய்மொழிக் கல்வி, பேருந்துச் சேவை என்று உறுப்பினர்கள் கேள்விகளை அடுக்குவார்கள். அமைச்சர்கள் பதில் சொல்வார்கள். முடிவில், முன்மொழிந்தவர் நன்றி சொல்லி, ‘என் திருத்தத்தை மீட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறேன்’ என்பார். அவை அனுமதிக்கும். திருத்தம் மீட்கப்பட்டது என்று அதிகாரபூர்வக் குறிப்பில் ஒரு வரி ஏறும். தொகை குறையாமல் நிற்கும்.

இது கிடப்பில் போடுவதல்ல. அங்கே எதிர்ப்பவர்கள் கொல்கிறார்கள். இங்கே பெற்றவரே எடுத்துக்கொண்டு போகிறார். முன்மொழிந்த பிறகு திருத்தம் அவையின் சொத்து என்பதால்தான் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

சங்கக் கூட்டத்துக்குத் திரும்பினால்

இங்குள்ள சங்கங்கள், குடியிருப்பு நிர்வாக மன்றங்கள் சிலவற்றில் வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து யாராவது ‘டேபிள் பண்ணிடலாம்’ என்று சொல்வதைக் கேட்கலாம். கூட்டத்தில் பாதிப் பேர் அதை ‘முன்வைப்போம்’ என்றும் மீதிப் பேர் ‘விட்டுவிடுவோம்’ என்றும் புரிந்துகொள்வார்கள். போதாததற்கு, அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ராபர்ட் 1876ல் வெளியிட்ட கூட்ட விதிகளில் இதற்கு மூன்றாவது பொருள் இருக்கிறது: அவசர வேலை வந்ததால் தற்காலிகமாக ஓரம் வைப்பது, பிறகு பெரும்பான்மை வாக்கால் மீண்டும் எடுப்பது. கொல்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் வழி. அமெரிக்கக் காங்கிரசிலோ கிடப்பில் போட்டது மீண்டு வருவதில்லை.

சங்கத்தின் பதிவுசெய்த விதிகளில் இந்தச் சொல் இல்லாவிட்டால் அதைத் தொடாமலிருப்பதே மேல். அடுத்த கூட்டத்துக்குத் தள்ள விரும்பினால் ‘இந்தத் திருத்தத்தின் விவாதத்தை இன்ன தேதிக்கு ஒத்திவைக்க வேண்டும்’ என்று தேதியோடு சொல்ல வேண்டும். வேண்டவே வேண்டாம் என்றால் திருத்தத்தின்மீதே வாக்கெடுக்க வேண்டும். தலைவர் கை தூக்கச் சொல்லும் முன்பு, ‘இப்போது கேள்வி: 50 என்பதை 30 ஆக்கலாமா? ஆக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்’ என்று கேள்வியை முழுமையாகச் சொல்லிவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும்.

கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான். ‘ஆதரவு 31, எதிர்ப்பு 22’ என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதினால் புரியும்: ‘மூலத் தீர்மானம்: சந்தா 20 வெள்ளியிலிருந்து 50 வெள்ளி. திருத்தம்: 50க்குப் பதில் 30. கேள்வி: திருத்தத்தின் விவாதத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது. ஒத்திவைக்க ஆதரவு 31, எதிர்ப்பு 22. விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. சந்தா 20 வெள்ளியாகவே தொடர்கிறது.’